தொப்பூர் கணவாயில் ஒரு ஒயர்

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் புதுக் காரில் வந்து இறங்கினான். "தாத்தா, இதுல பெரிய ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு மாட்டணும். பேட்டரியிலிருந்து உள்ளே ஒயர் இழுக்கறதுதானே? நீங்கதான் எலெக்ட்ரிகல் வாத்தியாராச்சே, சொல்லுங்க" என்றான். உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. முதலில் காபியைக் குடி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவனுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

1986. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் லேப் பயிற்றுநராகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. என் அண்ணன் சங்ககிரியில் ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பெங்களூர் லைன். அந்தக் காலத்தில் லாரி டிரைவருக்குத் தூக்கத்தை விரட்ட இரண்டே வழிதான், டீ அல்லது பாட்டு. அண்ணன் சேலத்தில் அசெம்பிள் செய்த 50 பிளஸ் 50 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும் பழைய டேப் செட் ஒன்றையும் வாங்கி வந்துவிட்டார். "டேய் தம்பி, கடையில குடுத்தா கூலி கேப்பான். நீ படிச்சவன்தானே, மாட்டிக் குடு" என்றார்.

படித்தவன் என்ற அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

லாரியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு. சீரியலில் கோத்து 24 வோல்ட். ஆம்ப்ளிஃபையருக்கு வேண்டியது 12. நான் என்ன செய்தேன் என்றால், இரண்டு பேட்டரியையும் இணைக்கும் நடு முனையிலிருந்து ஒரு ஒயரை எடுத்தேன். வீட்டு ஒயரிங்கில் மிச்சமிருந்த 3/20 ஒயர். அதைச் சேஸிஸ் ஓரமாகக் கொண்டுபோய், கேபின் தகட்டில் ஒரு ஓட்டை போட்டு உள்ளே இழுத்தேன். நெகட்டிவுக்குப் பாடி எர்த். ஃபியூஸ் போட மறக்கவில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே, ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில், மாற்றக் கை எட்டுகிற இடத்தில் அழகாக மாட்டினேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

பாட்டு பிரமாதமாகக் கேட்டது. அண்ணன் முதுகில் தட்டிக்கொடுத்தார். கிளீனர் பையனுக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். கேசட் மாற்றுவது அவன் வேலை.

நாலு மாதம் கழித்து ஒரு விடிகாலை. பெங்களூரிலிருந்து காகித பண்டல் ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இறக்கத்தைப் பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திடீரென்று பாட்டு விட்டுவிட்டு வந்திருக்கிறது. பிறகு பிளாஸ்டிக் கருகும் நாற்றம், காலடியிலிருந்து புகை. ஒரு கை ஸ்டீயரிங்கில், இன்னொரு கை கியரில். பாரம் பின்னாலிருந்து தள்ளுகிறது. அண்ணன் எப்படியோ ஓரத்தில் ஒதுக்கி நிறுத்திவிட்டார். பையன் குதித்து ஓடிப் பேட்டரிப் பெட்டியைத் திறந்து, எரிந்துகொண்டிருந்த ஒயரை வெறுங்கையால் பிடித்து இழுத்துப் பிடுங்கிவிட்டான். உருகிய பிளாஸ்டிக் அவன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. டீசல் டேங்க் இரண்டு அடி தூரத்தில். பின்னால் முழுக்கக் காகிதம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் எனக்குத் தைரியமில்லை.

வண்டியைச் சங்ககிரியில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விட்டார்கள். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை வரச் சொல்லி அனுப்பினார். கருகிய ஒயரைக் கையில் கொடுத்துவிட்டு, "சார், ஃபியூஸ் எதைக் காப்பாத்துறதுக்கு?" என்று கேட்டார். "ஆம்ப்ளிஃபையரை" என்றேன். தலையாட்டினார். "ஒயரைக் காப்பாத்துறதுக்கு சார். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துல இருக்கணும். நீங்க அந்தக் கடைசியில போட்டிருக்கீங்க. நடுவுல அஞ்சு மீட்டர் ஒயருக்குக் காவலே இல்ல."

லேபில் வருடா வருடம் பையன்களுக்கு ஷார்ட் சர்க்யூட் பாடம் எடுப்பவன் நான். தகட்டு ஓட்டையில் நான் ரப்பர் புஷ் போடவில்லை. லாரி ஓடும்போது கேபின் ஒரு பக்கம் ஆடும், சேஸிஸ் ஒரு பக்கம் ஆடும். தகட்டின் விளிம்பு ஒயரை நாலு மாதமாக அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. செம்பு தகட்டைத் தொட்டதும் பேட்டரியின் மின்சாரமெல்லாம் அந்த வழியாகவே ஓடும். ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் இருந்த ஃபியூஸ் வழியாக அந்த மின்சாரம் போகவே இல்லை. பிறகு அது எப்படி அறும்? கழற்றிப் பார்த்தேன், புத்தம் புதிதாக இருந்தது.

பாய் மற்றதையும் சொன்னார். நடு முனையில் எடுத்தால் ஒரு பேட்டரி மட்டும் வடியும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறும், கடைசியில் இரண்டுமே சாகும். 3/20 என்பது மூன்றே கம்பி, சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்கு. குலுங்குகிற வண்டிக்கு மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஆட்டோ ஒயர்தான் வேண்டும். 100 வாட் ஆம்ப்ளிஃபையர் முழுச் சத்தத்தில் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 15 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 4 சதுர மில்லிமீட்டராவது வேண்டும். வேலையைத் தொடங்கும்போது முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், முடிக்கும்போது கடைசியாக மாட்ட வேண்டும்.

24 வோல்ட்டிலேயே ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்றை அவரே மாட்டிக்கொடுத்தார். ஒயருக்கு மேல் டியூப், ஓட்டையில் ரப்பர், ஒரு சாண் தூரத்தில் ஃபியூஸ், கேபின் ஆடுவதற்கு இடம் கொடுத்துக் கொஞ்சம் தொய்வு.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலாளியிடம், "நான்தான் ஒயர் இழுத்தேனுங்க, தப்பு என்மேலதான்" என்று சொல்லி, பழுதுக்கான பணத்தைத் தன் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிவிட்டார். இது பல மாதம் கழித்து பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். "போடா, பாட்டுக் கேட்டது நான்தானே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அண்ணன் இறந்த அன்று அந்தக் கிளீனர் வந்திருந்தான். இப்போது அவனே இரண்டு வண்டிக்குச் சொந்தக்காரன், தலையெல்லாம் நரை. துக்கம் விசாரிக்க என் கையைப் பிடித்தபோது, அவன் உள்ளங்கையில் அந்தச் சொரசொரப்பு என் விரலில் பட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஒயரை இழுத்தது நான்தான்பா" என்று சொல்லிவிட்டேன்.

கையை விடாமலே என் முகத்தைப் பார்த்தான். "உடுங்க சார், அதெல்லாம் எப்பவோ" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த நாலு மாசம் நல்லாப் பாட்டுக் கேட்டோமுங்க, நானும் அண்ணனும்" என்றான்.

காபி குடித்து முடித்த பேரனிடம் சொன்னேன்: "தெரிஞ்ச ஆள்கிட்ட விடுடா. ஆனா வேலை முடிஞ்சதும் பானெட்டைத் திறந்து, பேட்டரிக்குப் பக்கத்துல ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் இருக்கான்னு உன் கண்ணால பாரு. ஒயர் உள்ளே நுழையற ஓட்டையில ரப்பர் இருக்கான்னு விரலால தொட்டுப் பாரு. இல்லைன்னா வண்டியை எடுக்காதே."

"இவ்வளவுதானா தாத்தா?" என்றான்.

இவ்வளவுதான்.