விடத் தெரிந்த பிரேக்

சென்னை மந்தைவெளியில் ஆர்.கே. மடம் சாலையை ஒட்டிய சந்தில் எங்கள் ஷெட். நான் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஐப்பசி மழையில் ஒரு அம்பாசடர் வந்தது. 1977 மார்க் 3. உரிமையாளர் தி. நகர்க்காரர். துரைசாமி சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கி மேலேறியவர் பெடலை மிதித்திருக்கிறார், வண்டி நிற்கவில்லை. கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, முன்னால் நின்ற ஆட்டோவுக்கு ஒரு சாண் பின்னால் நிறுத்தியிருக்கிறார். அதைச் சொல்லும்போதும் அவர் கை நடுங்கியது.

"நாலும் டிரம் சார். உள்ளே தண்ணி போனா காயற வரைக்கும் பிடிக்காது," என்றார் மாஸ்டர். "முன்னாடி ரெண்டுக்கும் டிஸ்க் போட்டுடலாம்."

ஜாகுவார் பந்தயக் கார் டிஸ்க் பிரேக்கோடு லெ மான்ஸில் ஜெயித்தது 1953இல். நம் அம்பாசடர் அதற்குப் பிறகு பிறந்த வண்டிதான். ஆனாலும் பல்லாண்டு காலம் டிரம்மிலேயே ஓடியது. டிஸ்க் வந்தது பிற்கால வண்டிகளில்தான். அப்படி ஒரு வண்டியின் முன்பக்க செட்டைப் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து தேடிப் பிடித்தோம்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்திருந்த கரித்தூளைக் காற்றடித்துச் சுத்தம் செய்யப் போனேன். மாஸ்டர் ஹோஸைப் பிடுங்கிக்கொண்டு ஈரத்துணியைக் கொடுத்தார். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், மூச்சில் போகக் கூடாது. இன்றைக்கும் சில ஷெட்களில் காற்றடிக்கிறார்கள். பார்த்தால் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

டிஸ்க்கைப் பேடுகளால் கவ்வும் காலிப்பரை மாட்டினோம், புது ஹோஸ் போட்டோம், பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தோம். நான் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, மாஸ்டர் கீழே நிப்பிளைத் திறந்து மூடினார். "அமுக்கு. பிடி. விடாதே." பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மட்டும் பழையது. செலவைக் குறைக்க அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். மாஸ்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, "சரி, ஓட்டிப் பாரு. நீயே தெரிஞ்சுக்குவே," என்றார்.

கிரீன்வேஸ் சாலை வழியாகத் திரு.வி.க. பாலம் ஏறி அடையாறு போனோம். மிதிக்கக் கால் வலித்தது. சுழலும் டிரம், உள்ளிருந்து அழுத்தும் ஷூவைத் தானே இன்னும் இறுக்கி இழுத்துக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை, முழுப் பலமும் கால்தான் கொடுக்க வேண்டும். அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, பாலம் இறங்கியதும் வந்த கருகல் வாடை. ஓரம் கட்டி இறங்கினால், முன்சக்கரத்துப் பக்கம் கை வைக்க முடியாத அனல். பெடலை விட்டும் பிரேக் விடவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பி, பழைய சிலிண்டரை மாஸ்டர் மேஜைமேல் பிரித்துப் போட்டார். கடைசியில் ஒரு சின்ன வால்வு. காலை எடுத்த பிறகும் குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை அது தேக்கி வைக்கும். கார் டயரில் அடிக்கும் காற்றில் பாதிகூட இல்லை. டிரம்முக்கு அது வேண்டும்: வீல் சிலிண்டரின் ரப்பர் கப் விரிந்தே இருந்தால்தான் காற்று உள்ளே புகாது. ஷூவைத் திரும்ப இழுக்கக் கனத்த ஸ்பிரிங்குகள் இருப்பதால் அந்த அழுத்தம் அங்கே பிடிக்காது.

காலிப்பரில் ஸ்பிரிங் எங்கே என்று கேட்டேன். "இல்லை" என்று பிஸ்டனை வெளியே எடுத்தார். காடிக்குள் சதுர விளிம்புள்ள ஒரு ரப்பர் வளையம் இருந்தது. பிஸ்டன் முன்னே போகும்போது அந்த வளையம் லேசாக முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை பின்னுக்கு இழுக்கிறது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியில் பேடை விடுவிப்பது அந்த முறுக்கு மட்டும்தான். 10 பிஎஸ்ஐ தேங்கி நின்றால் அதனால் திரும்ப முடியாது. அந்த வளையத்தை விரலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடப் போகவில்லை.

மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டரோடு இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வாங்கினோம். முன்னுக்கு ஒரு வழி, பின்னுக்கு ஒரு வழி. ஒன்று ஒழுகினாலும் மற்றது பிடிக்கும். பின்சக்கரங்கள் டிரம்மாகவே இருந்ததால் அந்த வழியில் மட்டும் வால்வை வைத்தோம். கூடுதல் செலவை மாஸ்டர் தன் கூலியில் கழித்துக்கொண்டார். அது என் யோசனையால் வந்த செலவு என்பதை அவர் உரிமையாளரிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, என்னை மிதித்துவிட்டு இறங்கி வரச் சொன்னார். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன். பேட் டிஸ்க்கை உரசுவதா இல்லையா என்கிற அளவுக்கு மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம். சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது. "இன்னொரு தடவை மிதிச்சிட்டு வா," என்றார். மிதித்துவிட்டு வந்து மறுபடி சுற்றினேன். அதே சத்தம்.