பூனைக்குத் தனி உலை

சென்னையின் தெற்குப் புறநகரில், ஒரு வீட்டின் பின்கட்டில் நடக்கும் சமையல் இது. வேலை செய்பவர்கள் மூன்று பேர்: அந்த வீட்டு அம்மா, பக்கத்துத் தெருவில் தையல் வேலை பார்க்கும் பெண், சாயங்காலம் சோற்றை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் ஆட்டோக்காரர். சாப்பிடுகிறவை சுமார் 60 தெருநாய்களும் ஒரு டஜன் பூனைகளும்.

மதியம் இரண்டு மணிக்கு, வியாபாரம் ஓய்ந்ததும், கோழிக்கடையிலிருந்து பை வந்துவிடும். ‘நாய்க்கு’ என்று சொன்னாலே கடைக்காரருக்குப் புரியும்: தலை, கழுத்து, தோல், சதை ஒட்டிய முதுகெலும்பு. நான் போயிருந்த அன்று வந்தது 10 கிலோ. அதற்கு 6 கிலோ குருணை, 2 கிலோ மஞ்சள் பூசணி, கொஞ்சம் மஞ்சள்தூள். உப்பு போடுவதில்லை. வெங்காயமும் பூண்டும் அந்த அடுப்புப் பக்கமே வருவதில்லை. அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாய், பூனைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். வாசலில் ஒருவர் மீந்த பிரியாணியைப் பொட்டலமாக நீட்டினார். “வேணாம்ப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல வெங்காயமும் இருக்கு, எலும்பும் இருக்கு” என்று அந்த அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கறி தின்கிற பிராணிக்கு அரிசி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நாயைப் பொறுத்தவரை அதற்கு நல்ல விடை இருக்கிறது. 2013-இல் நேச்சர் இதழில் வந்த சுவீடன் ஆய்வு, ஓநாயையும் நாயையும் மரபணு அளவில் ஒப்பிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான். நாய்களிடம் 4 முதல் 30 வரை. மனிதனோடு சேர்ந்து தானியம் தின்னப் பழகிய உடம்பு அது. நன்றாகக் குழைந்த குருணை நாய்க்கு ஒத்துக்கொள்ளும். டீக்கடையில் வாங்கிப் போடும் பொறையைவிட, கறிச்சாற்றில் வெந்த ஒரு கரண்டிக் குருணை எவ்வளவோ மேல்.

முதலில் கோழியை மட்டும் வேகவைத்து அன்னக்கூடையில் வடித்தெடுக்கிறார்கள். அந்தச் சாற்றிலேயே குருணையும் பூசணியும் வேகின்றன. இதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஆவி அடங்கிய கறியைத் தாம்பாளத்தில் கொட்டி, இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து எலும்பு பொறுக்குகிறார்கள். கழுத்துத் துண்டைக் கட்டைவிரலால் நீளவாக்கில் பிளந்தால் சதை இரண்டு பக்கமும் கழன்று வருகிறது. நடுவில் மணிமணியாக எலும்பு. முதுகெலும்பில் ஊசி போன்ற சிலாம்புகள் சதைக்குள் ஒளிந்திருக்கும். அவை கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். தையல்காரப் பெண் பிசைந்து முடித்த சதையை இன்னொரு தரம் இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பார்த்துவிட்டே தள்ளுகிறார். “துணியில குண்டூசி தேடுற மாதிரிதான்க்கா” என்றார். வெந்த எலும்பு உடைந்தால் கூராக உடையும். தொண்டையிலோ குடலிலோ குத்தினால் அறுவை சிகிச்சைதான். தெருநாய்க்கு அதை யார் செய்வது? மொத்தச் சமையலில் பாதி நேரம் இந்தத் தாம்பாளத்துக்கு முன்னால்தான் கழிகிறது.

எலும்பை எடுத்துவிட்டால் கால்சியமும் போய்விடுகிறது. சதையில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் வெறும் கறியும் சோறும் தின்னும் குட்டிக்கு எலும்பு வளைந்துவிடும். இங்கே அதற்கு முட்டை ஓடு. கொத்து பரோட்டா போடும் கடையிலிருந்து ஓடுகளை வாங்கி, கழுவி, கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து வேட்டித் துணியில் சலிக்கிறார்கள். 5 கிராம் தூளில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம். ஓர் அண்டாவுக்கு எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு சுவரில் ஒட்டியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அந்தச் சீட்டைப் பார்க்காமல் யாரும் தராசைத் தொடுவதில்லை.

இந்தக் கட்டுப்பாடு வீட்டில் செல்லப்பிராணிக்குச் சமைக்கிற எல்லோருக்கும் வேண்டும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், நூல்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 நாய் உணவுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013-இல் முடிவு வெளியிட்டார்கள். அவற்றில் 95 விழுக்காட்டில் அவசியமான சத்து ஒன்றாவது குறைவாக இருந்தது. பாசம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்று எனக்கு உறைத்தது அந்தச் சுவர்ச் சீட்டைப் பார்த்தபோதுதான்.

பூனைக்கு உலை தனி. நாய் அண்டாவிலிருந்து ஒரு கரண்டிகூட அங்கே போவதில்லை. பூனை முழுக்க முழுக்க ஊனுண்ணி. காரட், பூசணியிலுள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ‘ஏ’-வாக மாற்றிக்கொள்ள அதன் உடம்புக்குத் தெரியாது. டாரின் என்ற அமிலத்தையும் தேவையான அளவு தானே உண்டாக்கிக்கொள்ளாது. டாரின் கிடைக்காத பூனைகளின் விழித்திரை கெட்டுப்போவது 1975-இல் கண்டறியப்பட்டது. 1987-இல் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பியான் குழுவினர், இதயத்தசை தளர்ந்து சாகும் பூனைகளுக்கும் டாரின் குறைவே காரணம் என்று காட்டினார்கள். அவை தெருவில் பொறுக்கித் தின்ற பூனைகள் அல்ல. கடையில் விற்ற தீவனத்தைத் தின்றவை. அதன்பிறகு நிறுவனங்கள் டாரினைக் கூட்டின, நோயும் அரிதாகிவிட்டது. தயிர்சோறும் பாலும் வைத்து வளர்க்கும் நம் வீடுகளில் இந்தச் செய்தி இன்னும் பலருக்கு எட்டவில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரிக்காது.

அதனால் பூனை உலையில் அரிசி இல்லை. தொடைக்கறி, கோழி இதயம், கொஞ்சம் ஈரல். நெஞ்சுக்கறியைவிடத் தொடையிலும் இதயத்திலும் டாரின் அதிகம். ஈரலை அளந்துதான் போடுகிறார்கள். மிஞ்சினால் வைட்டமின் ‘ஏ’ ஏறிக் கழுத்தெலும்பு இறுகிவிடும். டாரின் நீரில் கரைந்து இறங்கிவிடும் என்பதால் வேகவைத்த சாற்றில் ஒரு சொட்டும் கொட்டப்படுவதில்லை. கறியோடு சேர்த்தே அரைபடுகிறது. ஆறிய பிறகு மருத்துவர் சொன்ன அளவில் டாரின் தூளும் மற்ற சத்துக் கலவையும் சேர்கின்றன.

பூனைச் சமையல் வாரத்துக்கு இரண்டு முறை. அரை அரை கிலோவாகப் பையில் போட்டு, அப்பளம்போலத் தட்டையாக அழுத்தி, தேதி எழுதி, உறைபெட்டியில் அடுக்குகிறார்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் குளிரும், சீக்கிரம் இளகும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமி பெருகுகிறது. சோற்றில் சில கிருமிகளின் வித்துகள் கொதித்த பிறகும் பிழைத்திருக்கும். அதனால் நாய்ச்சோற்றையும் அண்டாவோடு விடாமல் அகலத் தட்டுகளில் பரப்பி, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆற்றுகிறார்கள்.

ஏழு மணிக்கு ஆட்டோ கிளம்புகிறது. 15 கிலோ எடையுள்ள தெருநாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி தேவை. இந்த ஒரு வேளை அதில் பெரும்பகுதியைத் தந்துவிடும். நாய்கள் தின்று முடிக்கும்வரை ஆட்டோக்காரர் நின்று, தட்டுகளைத் திரும்ப எடுத்து, சிந்தியதைக் கூட்டிவிட்டே நகர்கிறார். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் போடும் ‘வி’ வெட்டு இல்லாத நாயைக் கண்டால் அம்மாவுக்குப் போன் செய்கிறார்: “புதுசு ஒண்ணு வந்திருக்கும்மா, பொட்டை.” கருத்தடைக்குப் பிடிக்க வரும்போது, தட்டைக் கண்டு அருகில் வரும் நாயைப் பிடிப்பது சுலபம். கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் இல்லாமல் சோறு மட்டும் போடுவது குட்டிகளைப் பெருக்கும் வேலை. அதில் எனக்கு உடன்பாடில்லை. கருத்தடை என்பது சென்னையில் புளூகிராஸ் என்ற விலங்குநல அமைப்பு 1964-இலேயே தொடங்கிய வழி.

எங்கே வைத்துப் போடுவது என்பதுதான் இவர்களுக்குத் தினசரிச் சண்டை. விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் 2023, குழந்தைகள் விளையாடுமிடம், வாசல், மாடிப்படி ஆகியவற்றை விட்டுத் தள்ளி இடம் குறிக்கச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், தெருவில் கண்ட இடத்தில் போடக்கூடாது, வார்டுதோறும் உணவிடத்தை உள்ளாட்சி ஒதுக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. நாய்க்குப் பயப்படுகிறவர்களுக்கும் சோறு போடுகிறவர்களுக்கும் இது பொதுவான பாதுகாப்பு. உங்கள் வார்டில் அப்படி ஓர் இடம் இன்னும் குறிக்கப்படவில்லை என்றால், மண்டல அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கும் இடமாகக் கேளுங்கள்.