முதலில் இறங்குவது கடைசியில் ஏறட்டும்

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவர்களுக்கு மூட்டை அடுக்கும் கலையைப் பிறர் கற்பிக்கத் தேவையில்லை என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். பிரேக்வேனில் சரக்கு ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. முதல் நிலையத்தில் இறங்க வேண்டிய மூட்டை கடைசியாக ஏறிக் கதவருகே இருக்க வேண்டும். கடைசி நிலையத்து மூட்டை முதலில் ஏறி உள்ளே செல்ல வேண்டும். இம்முறையைப் பல ஆண்டுகளாக ஊரார் மூட்டைகளுக்குக் கையாண்ட நாங்கள், சொந்த மூட்டைகளுக்குக் கையாள மறந்தோம். கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குச் சாலை வழியே செல்லும் சங்கத்து அன்பர்களுக்குப் பயன்படுமென்று அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறோம்.

2023-ஆம் ஆண்டு மே மாதம் நாகபுரியிலிருந்து காவிரிக் கரையிலுள்ள பரமத்தி வேலூருக்குப் புறப்பட்டோம். தாயார், இல்லத்தரசி, இரு பிள்ளைகள் ஆக ஐவர். ரயில் ஊழியர் குடும்பம் ரயிலை விட்டு வேனில் போவதைக் கண்டு நண்பர்கள் நகைத்தார்கள். தாயாருக்கு முழங்கால் வலி. ரயில் பெட்டியின் படி ஏறுவது அவருக்கு இயலாத காரியமாகிவிட்டது. நினைத்த இடத்தில் நிறுத்திக் காலை நீட்டிக்கொள்ள வேன்தான் ஏற்றது என்று முடிவு செய்தோம். பழைய ஆம்னி வேன் ஒன்று எங்களிடம் இருந்தது. தூரம் சற்றேறக்குறைய 1,300 கிலோமீட்டர். வழி முழுவதும் ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான்.

முந்தின இரவே சமையல் பெட்டியை ஏற்றினோம். அதன்மேல் உறவினருக்கான துணிமணிகள், அவற்றின்மேல் படுக்கைகள். கூரையைத் தொடும்வரை அடுக்கிவிட்டுப் பெருமையோடு உறங்கச் சென்றோம்.

தாயாருக்கு நீரிழிவு நோய், இன்சுலின் போட்டுக்கொள்பவர். மறுநாள் காலையில் பாண்டர்கவடா நெருங்கியதும், உணவு விடுதி பத்து நிமிஷ தூரத்தில்தானே என்று ஊசியைப் போட்டுவிட்டோம். சிறிது தூரத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஏதோ விபத்து. ஒரு மணி நேரம் நகரவில்லை. பிஸ்கட்டைப் பிள்ளைகள் நாக்பூர் எல்லையிலேயே தீர்த்திருந்தார்கள். தாயாருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேரனைப் பெயர் மாற்றி அழைத்தார். சர்க்கரை குறைந்துவிட்டது என்று புரிந்தது. வீட்டுச் சர்க்கரையோ சமையல் பெட்டியில், எல்லா மூட்டைகளுக்கும் அடியில் கிடந்தது.

பின்கதவைத் திறந்து மூட்டைகளைச் சாலையோரத்தில் எறியத் தொடங்கினோம். பக்கத்தில் நின்ற லாரியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். வண்டி எண் டி.என். 28; நாமக்கல் லாரி. கையில் சர்க்கரை டப்பாவும் தண்ணீரும் இருந்தன.

"ஏனுங்க, அம்மாவுக்கு முதல்ல இதைக் கரைச்சுக் குடுங்க. மூட்டையை அப்புறம் பாத்துக்கலாமுங்க" என்றார்.

தாயாருக்கு நினைவு இருந்தது; விழுங்க முடிந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. ஓட்டுநர் கொடுத்த ரொட்டியைத் தின்றபின் பேரனைச் சரியான பெயர் சொல்லி அழைத்தார். அப்போதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

வழி திறக்கும்வரை அந்த ஓட்டுநரின் அறையைப் பார்த்தோம். மாதக்கணக்கில் அவர் வாழும் வீடு அது. இருக்கைக்குப் பின்னே படுக்கும் பலகை. தலைக்குமேல் காகிதப் பை. கதவருகே ஒரு சிறு பெட்டியில் சர்க்கரை, தீப்பெட்டி, மருந்து, டார்ச். இருந்த இடத்திலிருந்து எழாமலே எல்லாவற்றையும் எடுத்தார். நாங்கள் அலுவலகத்தில் படித்த பாடத்தை அவர் அன்றாடம் கடைப்பிடித்து வந்தார்.

அங்கேயே மூட்டைகளை மாற்றி அடுக்கினோம். ஊரில்தான் பிரிக்கப்போகும் துணிமணிகள் உள்ளே, அடியில் சென்றன. இரவுக்கு வேண்டிய மாற்றுடைகள் ஒரே பையில் அவற்றின்மேல் அமர்ந்தன. பின்கதவை ஒட்டிச் சமையல் பெட்டி. ஆம்னியின் பின்கதவு மேல்நோக்கித் திறப்பதால் அதுவே அடுக்களைக்குத் தாழ்வாரமாயிற்று. அவலும் தயிரும் பொடியும் இருந்தமையால் அடுப்பு மூட்டவே தேவைப்படவில்லை. இருபது லிட்டர் தண்ணீர் இருபது கிலோ பாரமாதலால், தண்ணீர்க் கேனைத் தரையில் இருக்கையின் முதுகோடு சேர்த்துக் கட்டினோம். திடீரென்று பிரேக் போட்டால் மேலிருக்கும் சாமான் முன்னிருப்போர் தலையில் பாயும். ஆகையால் இருக்கையின் உயரத்திற்குமேல் எதையும் வைக்கவில்லை. சக்கரம் மாற்றும் ஜாக்கியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தோம்.

இன்சுலினை நீர் புகாத டப்பாவிலிட்டு, தண்ணீர் ஊற்றிய மண்கலயத்தினுள் வைத்தோம். ஆம்னியின் இஞ்சின் முன் இருக்கைகளின் கீழ் இருப்பதால் அங்கே சூடு அதிகம். கலயம் பின் இருக்கையின் காலடியில் பயணம் செய்தது. வெயிலில் மூடி நிறுத்திய வண்டியில் அம்மருந்தை விட்டுப் போகலாகாது. பனிக்கட்டியில் உறையவும் விடலாகாது. உணவு கண்முன் வந்தபிறகே ஊசி என்பதையும் அன்று விதியாக்கினோம். சர்க்கரை குறைந்து ஒருவர் நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அதன்பின் பிரயாணம் இனிதாயிற்று. பெயின்கங்கையைக் கடந்தோம். சோனில் கோதாவரி, பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணை, கர்நூலில் துங்கபத்திரை என்று ஒவ்வோர் ஆறாகப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு பாலத்திலும் தாயார் கைகூப்பினார். அவர் மடியில் ஓட்டுநரின் சர்க்கரை டப்பா இருந்தது. விலை கொடுத்தபோது அவர் வாங்க மறுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் மாலை நாமக்கல்லை அடைந்தோம். டி.என். 28 எண் தாங்கிய லாரிகள் வரிசை வரிசையாக நின்றன. "அந்தத் தம்பியின் பேர் என்னடா?" என்று தாயார் கேட்டார். பதற்றத்தில் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம் என்று சொல்ல நாணினோம். தாயார் ஒன்றும் சொல்லாமல், நின்ற லாரிகளை நோக்கிக் கைகூப்பினார்.

சிறிது நேரத்தில் காவிரிப் பாலம் வந்தது.

இப்போது எங்கள் வீட்டில் எவர் பயணம் கிளம்பினாலும் அந்த டப்பாவை நிரப்பி வைப்பதே கடைசி வேலை. அன்பர்களும் மூட்டை கட்டும்போது, வழியில் நம்மவருள் எவருக்கு எது அவசரமாகத் தேவைப்படக்கூடும் என்று முதலில் எண்ணிப் பார்த்து, அதைக் கடைசியாக ஏற்றுவார்களாக.