சிவப்புக் கோடு போட்ட வார்த்தை

திருத்தணியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும், கட்டுரை திருத்தச் சொல்லி பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. முன்பு ரஃப் நோட்டு வரும். இப்போது வாட்ஸ்அப்பில் ஃபைல் வருகிறது.

சமீபத்தில் ஒரு கல்லூரி மாணவி போட்டிக்காக 'என் அம்மா' என்று எழுதி அனுப்பினாள். அம்மா மலையடிவாரத்தில் பூ விற்பவர். ஆடிக் கிருத்திகைக்கு ஆந்திராவிலிருந்து வருகிறவர்களை 'ரண்டம்மா' என்பார், நம்மவர்களை 'வாங்கம்மா' என்பார். முகத்தைப் பார்த்தே மொழியைக் கண்டுபிடித்துவிடுவாராம். இது கடைசிப் பாராவில் ஒரே ஒரு வரி. "திருத்தி அனுப்பும்மா" என்றேன்.

மூன்று நாளில் பளபளவென்று வந்தது. எழுத்துரு புதிது. 'பெரிய' எல்லாம் 'மாபெரும்' ஆகியிருந்தது. ஒற்றுப்பிழைகூடக் குறைந்திருந்தது. பாராக்கள் மட்டும் அதே வரிசை. யாருடைய அம்மாவுக்கும் பொருந்துகிற அந்த 'அம்மா ஒரு தெய்வம்' தொடக்கமும் அப்படியே. ரண்டம்மாவைக் காணோம்.

"அதுக்குக் கீழே சிவப்புக் கோடு வந்துச்சு டீச்சர். தப்புன்னு எடுத்துட்டேன்."

திருத்தணி 1960-ல்தான் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. இந்த ஊரில் அந்த வார்த்தை பிழையா, சொல்லுங்கள்! நோட்டில் அடித்த வரியையாவது கோட்டுக்கு அடியில் படித்துவிடலாம். கம்ப்யூட்டரில் சுவடே இருக்காது. முதல் ஃபைல் என் போனில் இருந்ததால் அந்த வரி பிழைத்தது.

பழி முழுக்க கம்ப்யூட்டருக்குப் போகாது. 1980-லேயே அமெரிக்காவில் நான்சி சோமர்ஸ் என்ற ஆய்வாளர், 20 மாணவர்களும் அனுபவமுள்ள 20 பேரும் எப்படித் திருத்துகிறார்கள் என்று ஒப்பிட்டார். மாணவர்கள் பெரும்பாலும் வார்த்தைகளை மாற்றினார்கள். அனுபவசாலிகள் சொல்லவந்த விஷயத்தின் வடிவத்தையே மாற்றினார்கள். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வராத காலம் அது.

இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கியது. அதற்கு முன் ஒரு பாராவை மேலே கொண்டுபோக வேண்டுமென்றால் கட்டுரை முழுவதையும் மறுபடி எழுதணும். யார் எழுதுவார்கள்? இப்போது வெட்டி ஒட்ட ஒரு நிமிடம் போதும். ஆனாலும் பிள்ளைகள் அதைத் தொடுவதில்லை. திரையில் அரைப்பக்கம்தான் தெரிகிறது, போனில் அதுவும் இல்லை. கண்ணில் படுவது வார்த்தைதான். அச்சடித்த மாதிரி இருப்பதால் வேலை முடிந்துவிட்டதாகவும் தோன்றிவிடுகிறது.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னேன். பாரா பாராவாகக் கத்தரித்துத் தரையில் பரப்பினோம். கொஞ்ச நேரம் பார்த்தவள், பூக்கடைத் துண்டை எடுத்து முதலில் வைத்தாள். "இந்தத் தெய்வத்தை எங்கே வைக்கறது டீச்சர்?"

"அதுல உங்க அம்மா இருக்காங்களா?"

சிரித்துவிட்டு, அதை மடித்துத் தனியே வைத்தாள்.

மறுநாள் அம்மாவிடமே கேட்டிருக்கிறாள். முகத்தைப் பார்த்து இல்லையாம். படியேறும் முன் அவர்கள் பிள்ளைகளை அதட்டுவதைக் காதில் வாங்கித்தானாம். அதற்காக ஒரு பாரா புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை கடைசித் தேதி.