பறந்த தவளையும் எட்டு வயதுச் சிறுமியும்

பெரிய விஞ்ஞானி ஒருவர் மேடையில் பேசிக்கொண்டிருக்கிறார். கொடுத்த ஒரு நிமிடம் முடிந்துவிட்டது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நேராக அவர் முன்னால் போய் நின்று, "நிறுத்துங்க ப்ளீஸ், எனக்கு போரடிக்குது" என்கிறாள். அவர் வாயை மூடும் வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அரங்கமே சிரிக்கிறது. கல்லூரி ஆண்டு விழாவுக்கும் இப்படி ஒரு குழந்தை கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இது இக் நோபல் பரிசு விழா. மார்க் ஆப்ரஹாம்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் 1991-ல் தொடங்கியது. முதலில் சிரிக்க வைத்து, அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிகளுக்கு வருடம் பத்துப் பரிசு. பல வருடங்கள் ஹார்வர்டின் சாண்டர்ஸ் தியேட்டரில் நடந்தது. கூட்டம் மேடையை நோக்கிக் காகித விமானம் விடும். அந்தக் குப்பையைத் துடைப்பத்தால் பெருக்கியவர் ராய் கிளாபர். அவர் 2005-ல் இயற்பியலுக்கு நிஜ நோபல் வாங்கியவர்! பரிசுத் தொகையாகச் சில வருடங்கள் பத்து லட்சம் கோடி டாலர் கொடுத்தார்கள். பயப்பட வேண்டாம், ஜிம்பாப்வே டாலர், ஒரே நோட்டு :-)

அங்கே இன்னொரு விளையாட்டும் உண்டு. ஒரு நிபுணர் தன் துறையை 24 நொடியில் முழு டெக்னிக்கல் பாஷையில் சொல்ல வேண்டும். அடுத்து, யாருக்கும் புரிகிற மாதிரி ஏழே வார்த்தையில். முதல் பாதிக்குக் கைதட்டல், இரண்டாம் பாதிக்குத்தான் சிரிப்பு. தேய்மானம் என்றால் என்ன என்று ஏழு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள், கஷ்டம் தெரியும்.

2002-ல் கணிதத்துக்கான பரிசு கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவருக்குப் போனது. இந்திய யானையின் தோல் மொத்தம் எத்தனை சதுர மீட்டர் என்று கணக்கிட்டார்கள். கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் யானையின் உடல் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது, எவ்வளவு மருந்து தாங்கும் என்று பார்க்க அந்த அளவு உதவும். யானை மேல் டேப் பிடித்துக்கொண்டு ஏற முடியுமா? தோள் உயரமும் முன்னங்காலின் சுற்றளவும் போதும், சமன்பாட்டில் போட்டால் விடை. பி.காம்-இல் எல்லோரும் சபிக்கிற அதே ரெக்ரஷன்தான்!

அதற்கு முந்தைய வருடம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இருவருக்கு. 200 பள்ளி மாணவர்களிடம் மூக்கு நோண்டுவதைப் பற்றிக் கேட்டார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இடைநிலை அளவு, ஒரு நாளைக்கு நான்கு முறை. (படிப்பதை நிறுத்திவிட்டுக் கையைப் பார்க்க வேண்டாம்.)

எல்லோருக்கும் இந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. கார்ன்ஃபிளேக்ஸ் வகை உணவு ஈரத்தில் எப்படி நமுக்கிறது என்று ஆராய்ந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு 1995-ல் பரிசு கிடைத்தது. பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகராக இருந்த ராபர்ட் மே கொதித்துப் போனார். எங்கள் விஞ்ஞானிகளுக்கு இதைக் கொடுக்காதீர்கள், நல்ல ஆராய்ச்சி கேலிப்பொருளாகிவிடும் என்றார். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. மறுநாள் செய்தித்தாளில் சிரிப்புப் பாதி மட்டும்தான் வரும், யோசிக்கிற பாதிக்கு இடம் இருக்காது. மானியம் கொடுப்பவர் படிப்பதும் அந்தப் பாதியைத்தான்.

ஆனால் மே ஒன்றை விட்டுவிட்டார். பரிசை அறிவிப்பதற்கு முன்பே சம்பந்தப்பட்டவரைக் கேட்டுவிடுகிறார்கள். வேண்டாம் என்றால் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள். பெரும்பாலானோர் சரி என்கிறார்கள். மலேரியா கொசுவுக்கு மனிதப் பாத நாற்றமும் லிம்பர்கர் சீஸ் நாற்றமும் ஒன்றேபோலப் பிடிக்கும் என்று காட்டியவர்களுக்கு 2006-ல் பரிசு. சீஸ் ஜோக்கை மறக்கிறவன் யார்? பிறகு ஆப்பிரிக்காவில் சில இடங்களில் அந்தச் சீஸையே இரையாக வைத்துக் கொசுப்பொறி அமைத்தார்கள்.

தவளைக்கு வருவோம். தண்ணீரைக் காந்தம் மிக லேசாகத் தள்ளும். அந்தத் தள்ளலை நாம் உணர்வதே இல்லை. காந்தம் போதிய பலமாக இருந்தால் அது எடையைச் சமன் செய்துவிடும், உடம்பில் பெரும்பகுதி தண்ணீரான தவளை காற்றில் மிதக்கும். 1997-ல் நெதர்லாந்தில் ஆந்த்ரே கைம் இதைச் செய்து காட்டினார். தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை. 2000-ல் மைக்கேல் பெர்ரியோடு சேர்ந்து இக் நோபல் வாங்கினார், கூச்சப்படாமல். பத்து வருடம் கழித்து, 2010-ல், கிராஃபீன் ஆராய்ச்சிக்காக ஸ்டாக்ஹோமில் இன்னொரு பரிசு வாங்கினார். அங்கே அவரை நிறுத்தச் சொல்ல எந்தச் சிறுமியும் வரவில்லை.