ஐப்பசியில் போட்ட அவரை

ஆனி மாதக் கடைசியில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிவு. அறுவைச் சிகிச்சை, அதன் பிறகு அண்ணன் வீட்டில் இரண்டு மாதம் கட்டிலே கதி. வாக்கரைப் பிடித்தபடி திண்டிவனம் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு அவள் திரும்பி வந்தபோது புரட்டாசி முடியும் தறுவாய். வந்தவள் உட்காரவில்லை. நேரே பின்வாசலுக்குப் போய்க் கொல்லையைப் பார்த்தாள். பாத்தி இருந்த இடமெல்லாம் கோரை மண்டிக் கிடந்தது.

"அவரைகூடப் போடலையாடி?"

"ஆடியே போயிடுச்சேம்மா. இனிமே தைப் பட்டத்துலதானே?"

"மத்ததுக்கு அது சரி. அவரை பனியில காய்க்கிற சாதி. தையில போட்டா வெயிலுக்கு வெறும் இலையாத்தான் நிக்கும். போடறதுன்னா இப்பவே போடு."

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. ஏன் ஆடி என்று நான் அதுவரை கேட்டதில்லை. அன்று கேட்டேன். அம்மா சொன்ன காரணம் எளிமையானது. ஆடி, ஆவணியில் இங்கே பெய்வது தூறலும் மாலை மழையும்தான். விதை முளைக்க அது போதும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை அடித்து ஊற்றும்போது செடிக்கு வயது மூன்று மாதம். வேர் ஆழமாக இறங்கியிருக்கும், தண்டு முற்றியிருக்கும், எந்த மழைக்கும் தாங்கும். பிந்தி விதைப்பவருக்கு இல்லாமல் போவது அந்த மூன்று மாத வேர்தான். "இப்ப போடறது பச்சைக் குழந்தை. அடைமழையில வெளிய விட்ட மாதிரி. நாமதான் பாத்துக்கணும்" என்றாள்.

பார்த்துக்கொள்வது என்றால் முதலில் தண்ணீரிடமிருந்து. ஆடியில் பாத்தியைப் பள்ளமாக எடுப்போம், பாய்ச்சிய தண்ணீர் நிற்பதற்காக. ஐப்பசியில் அதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். கோரையைக் கிழங்கோடு கிளறி எடுத்துவிட்டு முக்கால் அடி உயரத்துக்கு மண்ணை ஏற்றினேன். மக்கிய தொழுவுரமும் இரண்டு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்தேன். நாலு பக்கமும் வாய்க்கால் வெட்டி வேலியோரப் பள்ளத்தில் கொண்டுபோய்விட்டேன். நாலு நாள் வேலை அது. அம்மா பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் குரல் பழைய கனத்துக்குத் திரும்பியது அந்த நாலு நாளில்தான்.

அரைக்கீரை விதையை மணலோடு கலந்து தூவினேன். மூன்றாம் நாள் இரவு கொட்டிய மழையில் அத்தனை விதையும் அடித்துக்கொண்டுபோய்ப் பாத்தியின் ஒரு மூலையில் சேர்ந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், அந்த மூலையில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக முளைத்து நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. மற்ற இடமெல்லாம் வெறும் மண். இரண்டாம் முறை தூவியதும் தென்னங்கீற்றைப் பரப்பி மூடினேன். முளை தலைகாட்டியவுடன் கீற்றை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தவறினாலும் முளை வெளுத்து நீண்டு ஒடிந்துவிடும். அந்தக் கீரைதான் எங்களுக்கு முதல் விளைச்சல். தூவிய 28-ஆம் நாள் நறுக்கினேன். அடியை விட்டு நறுக்கினால் அரைக்கீரை திரும்பத் திரும்பத் தழைக்கும். மாசி வரை வாரம் ஒரு கட்டு எடுத்தோம்.

கத்தரி நாற்றில் பாதி போயிற்று. தரையோடு ஒட்டிய தண்டு நீர்கோத்து அழுகி, காலையில் பார்த்தால் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். நாற்றழுகல் என்பார்கள். மண் ஈரம் காயாமல் இருந்தால் வருவது. மறுபடி விதைத்தபோது பழைய பிளாஸ்டிக் தட்டில் மணல் அதிகமாகச் சேர்த்து, மழை படாத தாழ்வாரத்தில் வைத்தேன். அது பிழைத்தது. பிறகு நத்தை. இரவு ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு போய்ப் பொறுக்கினால் ஒரு கொட்டாங்கச்சி நிறையும். முருங்கையில் கம்பளிப்பூச்சி அடையடையாய் அப்பியிருந்ததால் அந்தப் பக்கம் போகவே பயம்.

புடலையைப் போட்டது என் பிடிவாதம். அம்மா வேண்டாம் என்றாள். மூங்கில் பந்தல் போட்டு ஏற்றினேன், கொடியும் நன்றாகத்தான் ஏறியது. ஆனால் புடலம்பூ இரவில் விரியும் பூ. அதற்கு மகரந்தம் சேர்ப்பவை இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள். கார்த்திகையில் இரவெல்லாம் மழை பெய்தால் எந்தப் பூச்சி வரும்? பிஞ்சுகள் விரல் நீளத்தில் மஞ்சளாகி உதிர்ந்தன. ஒரு காய்கூடப் பறிக்கவில்லை. பிந்தியும் போடக்கூடியது, போடக்கூடாதது என்று இரண்டு உண்டு. அதை அந்தப் பந்தலில் படித்தேன்.

அவரைக்கு வருகிறேன். ஐப்பசி பிறந்ததும் இரண்டு குழியில் ஆறு விதை. நாலு முளைத்தன. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆடிப்பெருக்கு அன்றே போட்டவர். அவருடைய கொடி கூரையேறி மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. என்னுடையது கார்த்திகை தீபத்தன்றும் என் உயரத்தைத் தாண்டவில்லை. கார்த்திகைக் கடைசியில் அவர் கொடி பூத்தது. பத்தே நாள் கழித்து, மார்கழி முதல் வாரத்தில், என் குட்டைக் கொடியும் ஊதாப் பூங்கொத்தை நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டரை மாதம் முன்னால் விதைத்த கொடி பத்து நாள்தான் முந்தியது!

நாட்டு அவரை தன் வயதைப் பார்த்துப் பூப்பதில்லை, பொழுதைப் பார்த்துப் பூக்கிறது. இரவு நீண்டு பகல் சுருங்கினால்தான் அதற்குப் பூக்கும் காலம். நம் பகுதியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள்ளேயே அது கணக்கு வைத்திருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் இருவரும் ஒரே சோயா ரகத்தை வெவ்வேறு தேதிகளில் விதைத்துப் பார்த்தார்கள். முன்னால் விதைத்தது, பின்னால் விதைத்தது எல்லாம் செப்டம்பரை ஒட்டியே பூத்தன. பகலின் நீளமே காரணம் என்று 1920-இல் எழுதினார்கள். அம்மாவுக்கு அவர்களைத் தெரியாது. "பனியில காய்க்கிற சாதி" என்ற மூன்று சொல்லில் அவள் அதை வைத்திருந்தாள். எல்லாப் பட்டத்திலும் காய்க்கும் குத்து அவரை ரகங்கள் இப்போது உண்டு, கோவை வேளாண் பல்கலைக்கழகமே வெளியிட்டிருக்கிறது. நான் சொல்வது பந்தலேறும் பழைய நாட்டு அவரையை.

விளைச்சல் ஒன்றாக இருக்குமா என்றால், இராது. பெரியவர் முறம் முறமாகப் பறித்தார். நான் பறித்தது கைப்பிடிக் கணக்கு. கொடி எவ்வளவோ அவ்வளவுதான் பூ. பனியோடு வந்த அசுவினி பூங்காம்பைச் சுற்றி அப்பிக்கொண்டது. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து வாரம் ஒரு முறை மாலையில் தெளித்தேன். இருந்தும், பொங்கலன்று குழம்புக்கு அவரையை வெளியில் வாங்கவில்லை. அம்மா வாக்கர் இல்லாமல், ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு பந்தல் வரை வந்து, தானே பறித்தாள். பதினேழு காய்.

இந்த ஆண்டு உங்களுக்கும் ஆடி தவறியிருக்கலாம். வீட்டில் நோயோ சாவோ கல்யாணமோ வந்திருக்கலாம். அடுத்த பட்டம் பார்த்துக்கொள்ளலாம் என்று விதையை அலமாரியில் திரும்ப வைத்துவிடாதீர்கள். புடலையை விட்டுவிடுங்கள். ஒரு பாத்தியை மேடாகப் போட்டு அரைக்கீரை தூவுங்கள், வேலியோரம் நாலு நாட்டு அவரை ஊன்றுங்கள். மார்கழிக்கு இன்னும் நாள் இருக்கிறது.