பிய்ந்த பொம்மை

பசறைப் பக்கத்து எங்கள் லயத்தில் நேற்று பெரிய ரகளை. அண்ணன் மகளின் துணிப்பொம்மையின் கையைப் பக்கத்துக் காம்பராச் சிநேகிதி பிய்த்துவிட்டாள். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் அண்ணி அனுப்பிய பொம்மை அது.

“வேற வாங்கித் தாறன்” என்றால் அழுகை கூடுமே தவிர குறையாது. தாயைப் பிரிந்திருக்கும் நேரத்தைத் தாங்கவே பிள்ளை இப்படி ஒன்றைப் பற்றிக்கொள்கிறது என்று 1951இல் பிரித்தானியக் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகொட் விளக்கினார். அதைத் துவைத்து வாசனை மாறினாலே சில பிள்ளைகளுக்குப் பொறுக்காது.

அழுது முடிக்க விட்டோம். பிறகு நான் தைக்க, பிய்த்தவளே பொம்மையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கச் சொல்லி யாரும் மிரட்டவில்லை.

ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருக்கிறோம். பிள்ளைச் சண்டையில் பெரியவர்கள் இறங்கினால், பிள்ளைகள் மறுநாளே சேர்ந்துவிடுவார்கள். நாம்தான் தீபாவளி வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்போம்.